ஒரு நாளைக்கு ஓர் இடம்



லண்டனிலிருந்து திரும்பி மூன்று மாதம் ஆகப்போகிறது. "டீச்சர், பயணக் கட்டுரை எழுதுங்க" என்று தினமும் யாராவது கேட்கிறீர்கள். உங்களையெல்லாம் எத்தனை கட்டுரை எழுத வைத்திருக்கிறேன், இப்போது பழி தீர்க்கிறீர்கள் போல! எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். முன்பாதி ஊர் சுற்றிய கதை. பின்பாதியில் மாணவர்களிடம் ஒரு மன்னிப்பும், சொந்தக்காரர்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. நடுவில் விட்டுவிடாமல் படியுங்கள்.

சார் போன பிறகு நான் எங்கும் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பர்மிங்காமில் இருக்கும் மகன் விடாமல் கூப்பிட்டு, இந்த மே மாதம் விமானம் ஏற்றிவிட்டான். வந்த வாரமே இரண்டு நாள் லீவு போட்டு லண்டனைச் சுற்றிக் காட்டினான். டவர் பிரிட்ஜ், பக்கிங்காம் அரண்மனை, பிக் பென், ஆற்றங்கரையில் இருக்கும் அந்தப் பெரிய ராட்டினம், எல்லாம் இரண்டே நாளில். பாவம், பிள்ளைக்கு அவ்வளவு ஆசை. 214 போட்டோ எடுத்திருந்தான். வீட்டுக்கு வந்து போட்டோவைப் பார்த்துத்தான் நான் எங்கெங்கே போனேன் என்று தெரிந்துகொண்டேன். மனசில் ஒன்றுமே நிற்கவில்லை.

"தம்பி, நான் தனியாப் போய் அந்த ஊர்ல பன்னண்டு நாள் தங்கிட்டு வர்றேன்" என்றேன். அவன் சிரித்தான். பிறகு பயந்தான். பிறகு மருமகள் எனக்காகப் பேசினாள். "முப்பத்தி நாலு வருஷம் எட்டாம் கிளாஸைச் சமாளிச்சவங்க, லண்டனைச் சமாளிக்க மாட்டாங்களா?" என்றாள்.

மகனின் நண்பனுக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று ஈஸ்ட்ஹாமில் இருக்கிறது. அவர்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை. ஈஸ்ட்ஹாம் நம் சனம் நிறைந்த இடம். கடைத்தெருவில் முருங்கைக்காய், வாழைப்பூ, நம் ஊர் மல்லிகைப் பூ வரை கிடைக்கிறது. கடைக்காரர்கள் தமிழிலேயே விலை சொல்கிறார்கள். பக்கத்து மேனர் பார்க்கில் முருகன் கோயிலும் இருக்கிறது. முதல் நாள் அந்தத் தெருவைத் தவிர வேறெங்கும் போகவில்லை.

எனக்கு நானே மூன்று விதி போட்டுக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஓர் இடம்தான். மத்தியானத்துக்கு மேல் புது இடம் கிடையாது. கால் வலித்தால் வெட்கப்படாமல் உட்கார வேண்டும். அறுபத்தைந்து வயதில் பயணம் போக நினைக்கும் என் தோழிகளுக்கு இந்த மூன்றையும் சிபாரிசு செய்கிறேன்.

காலையில் புளிச்சோறு டப்பாவோடு படியிறங்கும்போது வீட்டுக்காரப் பெண் கேட்பாள், "என்ன அன்ரி, இண்டைக்கு எங்க போறியள்?"

"பஸ்ல போயிட்டு வரேம்மா."

"பஸ்ஸில எங்க?"

"கடைசி வரைக்கும்."

அவளுக்கு அது தினமும் வேடிக்கை.

அங்கே பஸ்ஸில் காசு வாங்குவதில்லை. 2014லேயே நிறுத்திவிட்டார்களாம். வங்கி அட்டையை ஏறும் இடத்தில் இருக்கும் மஞ்சள் வட்டத்தில் காட்டினால் போதும். நான் போனபோது எவ்வளவு தூரம் போனாலும் ஒன்றே முக்கால் பவுண்டாக இருந்தது, நம் பணத்துக்கு ஏறக்குறைய இருநூறு ரூபாய். ஒரு மணி நேரத்துக்குள் இறங்கி வேறு பஸ்ஸில் ஏறினால் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. 25ஆம் எண் பஸ்ஸில் மாடிக்கு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தால் ஸ்ட்ராட்போர்டு, மைல் எண்ட், வைட்சாப்பல் என்று ஒவ்வொரு ஊராக மெதுவாகக் கடந்து, நகரத்தின் நடுவே வங்கிகள் இருக்கும் பழைய பகுதிக்குக் கொண்டுபோய் விடும். ஒரு பகுதியில் தலையில் முக்காடிட்ட வங்காளப் பெண்கள் மீன் வாங்குகிறார்கள். இருபது நிமிடத்தில் கோட்டு போட்ட ஆட்கள் காபிக் கோப்பையோடு ஓடுகிறார்கள். டிக்கெட் வாங்கிச் சினிமா பார்த்தால்கூட இவ்வளவு மனிதர்களைப் பார்க்க முடியாது.

முதல் தடவை எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தில் ஏறி இல்போர்டுக்குப் போய்விட்டேன். அதுவும் கடைசி நிறுத்தம்தானே! பக்கத்தில் இருந்த பஞ்சாபிப் பாட்டி சிரித்துவிட்டு, என்னோடு ஒரு டீ குடித்துவிட்டு, சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மகனோடு போயிருந்தால் வழி தவறியிருக்காது. அந்தப் பாட்டியையும் பார்த்திருக்க மாட்டேன்.

பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஒரு நாள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் ஒன்றும் பார்க்க முடியாது என்று முன்பே பாடம் கற்றிருந்ததால், அமராவதிச் சிற்பங்கள் இருக்கும் அறைக்கு மட்டும் போனேன். 1845இல் வால்டர் எலியட் கிருஷ்ணா நதிக்கரையில் தோண்டியெடுத்து மதராசுக்கு அனுப்பிய கற்கள் அவை. பல வருஷம் மதராசில் கிடந்து, 1859இல் கப்பலேறின. ஏறக்குறைய 120 துண்டுகள் இப்போது அங்கே. எழும்பூர் மியூசியச் சுற்றுலாவுக்கு என்னோடு வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், வெள்ளை வெளேரென்று ஒரு வரிசைக் கற்களைக் காட்டி, "இதோட கூடப்பிறந்ததுங்க லண்டன்ல இருக்கு" என்று சொன்னேனே, அதுதான். அன்று நானே பார்த்திராததைத்தான் உங்களுக்குச் சொல்லியிருந்தேன். அந்த அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உட்காருவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லண்டனில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் மரப் பெஞ்சுகளில் சின்னப் பித்தளைத் தகடு அடித்திருக்கிறார்கள். இறந்துபோன யாருடைய பேராவது அதில் இருக்கும். பிறந்த வருஷம், இறந்த வருஷம், அவருக்கு இந்த இடம் பிடிக்கும் என்று ஒரு வரி. அரசர்களோ தலைவர்களோ கிடையாது. யாரோ ஒருவருடைய அம்மா, யாரோ ஒருவருடைய கணவர். பிள்ளைகள் பணம் கட்டி வைக்கிறார்கள்.

முதலில் அந்தத் தகடுகளை ஆர்வத்தோடு படித்தேன். நான்கைந்து நாள் போன பிறகு, உட்காரும் முன் தகட்டைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. கூட யாராவது இருந்திருந்தால் எதையாவது பேசி அதைக் கடந்திருப்பேன். தனியாகப் போனால் பேச்சை மாற்ற ஆள் இல்லை.

ஒன்பதாம் நாள் கோல்டர்ஸ் கிரீன் போனேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் படித்தவர்கள் யாரும் "அரளி ராணி" கதையை மறந்திருக்க மாட்டீர்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத கதை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது சொல்வேன். நம் புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியாவுக்குப் போனார், மோலி என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்தார், 1915இல் மெல்போர்னில் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குக் கூட்டிவந்தார், அந்தம்மாவுக்கு யாரோ அரளியைக் கொடுக்கப் பார்த்தார்கள், ராஜா மனைவியோடு ஊரை விட்டே போய்விட்டார். "பொண்டாட்டிக்காக ராஜ்ஜியத்தையே விட்ட மகராசன்!" என்று நான் கையை விரித்து முடிக்கும்போது வகுப்பே கொல்லென்று சிரிக்கும். மணி அடிக்கும். எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்.

நான் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

மார்த்தாண்ட பைரவர் முந்தைய மன்னர் ராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வழிப் பேரன். தாத்தாவே தத்தெடுத்தார். 1886இல் பட்டத்துக்கு வந்தபோது வயது பத்து. சேஷய்யா சாஸ்திரியார் 1894 வரை அவருக்காக நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். அவர் காலத்தில்தான், 1902இல், சமஸ்தானத்துக்குப் பிரதிநிதிகள் சபை வந்தது. திருக்கோகர்ணத்தில் நான் உங்களை வரிசையில் நிற்கவைத்துக் கூட்டிப்போன அருங்காட்சியகம் 1910இல் வந்தது. இதையெல்லாம் வகுப்பில் ஒரு நாளும் சேர்த்துச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பு வராது, அதனால்தான்.

கல்யாணத்தை ஆங்கிலேய அரசு ஏற்கவில்லை. மோலியை ராணி என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஊரில் சில மாதங்கள்தான் இருக்க முடிந்தது. 1916இல் சிட்னியில் மகன் பிறந்தான். அவனுக்குப் பட்டத்து உரிமை கிடையாது என்றார்கள். 1922இல் ராஜா சகோதரரிடம் நிர்வாகத்தை விட்டுவிட்டு, பிரான்சில் கான் நகரத்தில் குடியேறினார். 1928 மே 28ஆம் தேதி பாரிசில் இறந்தார். வயது 52. ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானை இங்கே பட்டத்தில் உட்கார வைத்தார்கள். மார்த்தாண்ட பைரவரின் உடல் ஊருக்கு வரவில்லை. லண்டனுக்குக் கொண்டுபோய் கோல்டர்ஸ் கிரீன் தகனக் கூடத்தில் எரித்தார்கள். மோலி அதன் பிறகு முப்பத்தொன்பது வருஷம் இருந்து, 1967இல் கான் நகரில் இறந்தார். அவர் அஸ்தியும் கணவரோடு கோல்டர்ஸ் கிரீனுக்கே வந்தது.

ரிட்டயர் ஆன பிறகு இதைப் படித்தபோது நோட்டில் குறித்துவைத்திருந்தேன். "சுடுகாட்டைப் பாக்கவா லண்டன் வந்தீங்க?" என்று மகன் போனில் கேட்டான். "நம்ம ஊர்க்காரர் ஒருத்தரைப் பாக்கப் போறேன்" என்றேன்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து மானுமென்ட் வரை ஒரு ரயில். அங்கிருந்து பூமிக்குள்ளேயே நடந்து பேங்க் ஸ்டேஷன். பிறகு நார்தர்ன் லைன். ஹாம்ஸ்டெட் ஸ்டேஷன்தான் லண்டன் பாதாள ரயில் நிலையங்களிலேயே ஆழமானது. அதைத் தாண்டி ஒரே இருட்டு. அப்புறம் திடீரென்று ரயில் வெளிச்சத்துக்கு வருகிறது. அதுதான் கோல்டர்ஸ் கிரீன். யூதர்கள் நிறைய வாழும் பகுதி. ரொட்டிக் கடைகளில் எபிரேய எழுத்துப் பலகைகள். பத்து நிமிடம் நடந்தால் ஹூப் லேன். ஒரு பக்கம் யூதர்களின் இடுகாடு, எதிரே செங்கல் கட்டடமாகத் தகனக் கூடம்.

1902இல் திறந்த இடம். அந்தக் காலத்தில் அங்கே எரிப்பதே புதுப் பழக்கம். எழுத்தாளர் கிப்ளிங்கை எரித்தது இங்கேதான். மனநல மருத்துவர் பிராய்டின் அஸ்தி ஒரு பழைய கிரேக்கக் கலயத்தில் இங்கே இருக்கிறது. நாட்டியக்காரி அன்னா பாவ்லோவாவின் அஸ்தியும்தான்.

அலுவலகத்தில் ராஜாவின் பேரைச் சொன்னேன். அங்கிருந்தவருக்கு என் உச்சரிப்பு புரியவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி எழுதிக் காட்டினேன். அஸ்தி வைத்திருக்கும் மண்டபங்களுக்குள் போய்ப் பார்ப்பதென்றால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டுமாம். எனக்குத் தெரியாமல் போனது என் தவறு. தோட்டத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார். "உங்களுக்கு உறவா?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "எங்கள் ஊர்" என்று மட்டும் சொன்னேன்.

புல்வெளியைப் பார்த்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பையில் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் கோயில் திருநீறு இருந்தது. தொண்டைமான்கள் பிரகதாம்பாளின் தாசர்கள் என்றே பட்டம் போட்டுக்கொண்டவர்கள். அவர்கள் ஊரிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு அன்று வந்தது நான் ஒருத்திதான். திருநீற்றை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன். அப்போது அழுகை வந்தது. ராஜாவுக்காக அழவில்லை. அது எனக்கே தெரிந்தது.

சொந்தக்காரர்களே, இனி எழுதுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். நாம் யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். என்னை விட ஆறு வயது மூத்தவர். என் மாணவர்கள் பலருக்கு இதுவே புதுச் செய்தியாக இருக்கும். சைக்கிளில் பின்னால் வைத்து என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவர். "நீ டீச்சராத்தான் வருவே" என்று முதலில் சொன்னவர். 1977இல் பம்பாய்க்கு வேலைக்குப் போனார். 1983இல் அங்கே நர்சாக இருந்த, கேரளத்துக் கிறிஸ்தவப் பெண் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். "எனக்கு மகன் இல்லை" என்றார் அப்பா. அன்றோடு அண்ணன் பேரை வீட்டில் யாரும் சொல்லவில்லை.

1985 கோடையில் அண்ணன் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். வெயில் நேரம். அப்பா கதவைத் திறக்கவில்லை. திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை அழுதது. நான் ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் சம்பளத்தில் வாங்கிய மின்விசிறி தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணன் எழுந்து போகும்போது ஜன்னலைப் பார்த்தார். நான் நகர்ந்துகொண்டேன்.

அப்பா 1994இல் இறந்தார். அண்ணனுக்குத் தகவல் சொல்லவில்லை. 1998 டிசம்பரில் அண்ணன் மாரடைப்பில் இறந்தார் என்று பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. வயது 44. அப்போது என்னைத் தடுக்க யாருமே இல்லை. அரையாண்டுத் தேர்வு நடக்கிறது, லீவு கிடைக்காது என்று சொன்னேன். சார் போகலாம் என்றுதான் சொன்னார். நான்தான் போகவில்லை. லீவு கேட்கவே இல்லை என்பதை இன்று முதல்முறையாகச் சொல்கிறேன்.

அந்த இருபது முப்பது வருஷமும் வெள்ளிக்கிழமைகளில் நான் அரளி ராணி கதை சொல்லி உங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். வேறு இடத்தில் கல்யாணம் செய்து, ஊர் ஏற்காமல், வெளியூரில் செத்து, சாம்பல்கூடத் திரும்பாத ஒரு மனிதனின் கதையை. எங்கள் வீட்டுக் கதை எனக்கு ஞாபகம் வரவே இல்லை என்று சொன்னால் யாராவது நம்புவீர்களா? அந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், வீட்டில் இப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருப்பீர்கள் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் காலம் அப்படி என்று நாம் சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் போய் முப்பத்தொரு வருஷம் ஆகிறது. இதில் எத்தனை வருஷம் என்னுடையது?

அண்ணன் மகள் மூன்று வருஷத்துக்கு முன்பு இதே முகநூலில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து நட்பு அழைப்பு அனுப்பினாள். ஏற்றுக்கொண்டேன். அவள் போடும் போட்டோவுக்கெல்லாம் லைக் போடுவேன். ஒரு வார்த்தை எழுதியதில்லை. அவளும் கேட்டதில்லை. 1985இல் திண்ணையில் அழுத குழந்தை அவள்தான்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடி அவளுக்குச் செய்தி அனுப்பினேன். "நான் உன் அத்தை. அம்மா பேசுவாங்களா?" ஒரு மணி நேரம் பதில் இல்லை. அன்று வேறு இடம் போக வேண்டிய அவசரம் எனக்கு இல்லை. காத்திருந்தேன். தோட்டக்காரர் இரண்டு தடவை கடந்துபோனார். பிறகு போன் அடித்தது.

அண்ணிதான் பேசினார்கள். எனக்குக் குரல் வரவில்லை. "சாப்டாச்சா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றேன். "முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் பேசலாம். நான் எங்கேயும் போகல்லே" என்றார்கள். புளிச்சோற்றை அங்கேயே சாப்பிட்டுவிட்டு, திரும்பக் கூப்பிட்டேன்.

மீதி மூன்று நாளில் எங்கே போனேன் என்று கேட்காதீர்கள். ஈஸ்ட்ஹாம் பூங்காவில் உட்கார்ந்து பெஞ்சுத் தகடுகளைப் படித்தேன். இப்போது படிக்க முடிந்தது.

ஊருக்கு வந்ததும், ஜூன் கடைசியில், சென்னை போய் அங்கிருந்து மும்பைக்கு ரயில் ஏறினேன். தனியாகத்தான். செம்பூரில் அண்ணி வீட்டில் நான்கு நாள் இருந்தேன். கூடத்தில் அண்ணன் படம். பக்கத்தில் அண்ணி கும்பிடும் மாதா படம். அண்ணனின் அஸ்தியை நாசிக் கொண்டுபோய்க் கோதாவரியில் கரைத்ததாகச் சொன்னார்கள். "அவருக்கு அதுதானே முறை. செய்ய ஆளில்லேன்னு யாரும் சொல்லிடக் கூடாது" என்றார்கள். செய்ய வேண்டிய ஆள் அன்று வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அதை அவர்களிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதுவும் எனக்குச் சரியாகவே பட்டது.

லண்டன் போக நினைக்கும் மாணவர்களுக்கு: தாராளமாகப் போங்கள். முடிந்தால் ஒரு சில நாளாவது தனியாகப் போங்கள். இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோல்டர்ஸ் கிரீனுக்கு யாராவது போனால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போய், நம் ராஜாவையும் அந்தம்மாவையும் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.

சொந்தக்காரர்களுக்கு: ஆயுத பூஜை விடுமுறைக்கு அண்ணியும் அண்ணன் மகளும் அவள் பிள்ளைகளும் புதுக்கோட்டைக்கு வருகிறார்கள். நம் வீட்டில்தான் தங்குகிறார்கள். அண்ணனைத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். அவர் சின்ன வயதில் எப்படி இருந்தார் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை. வருத்தம் இருப்பவர்கள் இருக்கலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வருகிறவர்கள் முதல் நாளே ஒரு போன் செய்துவிடுங்கள். எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்